சிறுநீரகத்திற்கு வரும் தூது

சித்திரை வெயிலில் நெடுநேரம் விளையாடிவிட்டு வீடு திரும்பும் சிறுவனுக்குச் சிறுநீர் மிகக் குறைவாகவே பிரிகின்றது. அதன் நிறமும் மஞ்சளாக இருக்கின்றது. மார்கழிக் குளிரிலோ அவனே அடிக்கடி சிறுநீர் கழிக்கின்றான்; அது தெளிந்த நீரைப் போல் இருக்கின்றது. இதனை நாம் ஒவ்வொருவரும் கண்டிருக்கின்றோம். ஆயினும், இதன் காரணம் யாது என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே. சிறுநீரகங்கள் முதுகெலும்பின் இருபுறத்திலும் விலா எலும்புகளை ஒட்டி, உடலின் உட்புறத்தே மறைந்து கிடக்கின்றன. வெளியே வெயில் காய்வதும் பனி பெய்வதும் அவற்றிற்கு எவ்வாறு தெரியும்? நீரைச் சேமிக்க வேண்டிய வேளை எது, வெளியேற்ற வேண்டிய வேளை எது என்று அவற்றிற்கு அறிவிப்பவர் யார்?

ஊர் ஏரியை நினைத்துப் பார்ப்போம். ஏரியில் நீர் நிறைந்திருக்கலாம்; மதகும் செவ்வையாக அமைந்திருக்கலாம். எனினும், எந்த வயல் காய்கின்றது, எந்த வயலில் நீர் தேங்கி நிற்கின்றது என்பதை மதகு அறியாது. அதனை அறிந்து மதகைத் திறக்கவும் அடைக்கவும் நீர்பாய்ச்சி ஒருவர் வேண்டும். நம் உடலிலும் அத்தகைய ஏற்பாடு உண்டு. உடலின் நிலையைச் சிறுநீரகத்திற்கு அறிவிக்கும் பணியில் நரம்புகளுக்கும், அவை வெளியிடும் வேதிப் பொருள்களுக்கும் பெரும் பங்கு உண்டு. அவற்றின் வரலாற்றையும் செயலையும் இப்பாடத்தில் காண்போம்.

முதலில் சிறுநீரகத்தின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். ஒவ்வொரு சிறுநீரகமும் நம் கைமுட்டி அளவே உடையது; அதன் எடை ஏறத்தாழ 150 கிராம் ஆகும். இவ்வளவு சிறிய உறுப்புகளாக இருந்தும், இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இவ்விரண்டிற்குமே செல்கின்றது. ஒவ்வொன்றிலும் நெஃப்ரான் எனப்படும் நுண்ணிய அமைப்புகள் ஏறத்தாழப் பத்து இலட்சம் உள்ளன. நெஃப்ரானின் தலைப்பில் மயிரினும் மெல்லிய இரத்தத் தந்துகிகளால் ஆன முடிச்சு ஒன்று இருக்கின்றது. இத்தாலிய நாட்டு அறிஞர் மார்செல்லோ மால்பிகி என்பவர் நுண்ணோக்கியால் இம்முடிச்சுகளைக் கண்டு 1666ஆம் ஆண்டில் எழுதி வைத்தார். இம்முடிச்சைக் கிண்ணம் போன்ற உறை ஒன்று சூழ்ந்திருப்பதையும், அவ்வுறையிலிருந்தே நீண்ட நுண்குழல் தொடங்குவதையும் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் போமன் 1842இல் விளக்கினார்.

இம்முடிச்சுகளில் இரத்தத்தின் நீர்ப்பகுதி வடிந்து நுண்குழல்களுக்குள் செல்கின்றது. இவ்வாறு வடியும் நீர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் ஆகும். பதினைந்து லிட்டர் கொள்ளும் குடத்தால் முகந்தால், பன்னிரண்டு குடங்கள் நிறையும். அந்நீரில் ஒரு கிலோவிற்கும் மேற்பட்ட உப்பும் கலந்துள்ளது. இவை யாவும் வெளியேறிவிட்டால் நாம் ஒரு மணி நேரங்கூட உயிர் வாழ்தல் இயலாது. ஆனால், நாம் வெளியேற்றும் சிறுநீர் நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் அளவே. எஞ்சிய நீர் முழுவதும் நுண்குழல்களின் சுவர் வழியே மீண்டும் இரத்தத்தை அடைகின்றது. இதனை மீள உறிஞ்சுதல் என்பர். இப்பணியில் மூன்றில் இரண்டு பங்கு நுண்குழலின் முற்பகுதியிலேயே நடைபெறுகின்றது. நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு நீர் இவ்வாறு மீட்கப்படுவதால், மீட்சியில் நேரும் மிகச் சிறிய மாறுதலும் பெரிய விளைவைத் தரும். நூற்றுக்கு ஒரு பங்கு நீர் குறைவாக உறிஞ்சப்பட்டாலும் சிறுநீரின் அளவு இருமடங்குக்கு மேல் ஆகிவிடும் அன்றோ? ஆகவேதான் இவ்வுறிஞ்சுதலைச் சிறிது கூட்டவும் சிறிது குறைக்கவும் வல்ல தூதுகள் உடலுக்கு இன்றியமையாதன ஆகின்றன.

சிறுநீரகத்திற்கு நரம்புகள் செல்கின்றன என்பதை உடலை அறுத்து ஆராய்ந்தோர் நெடுநாள் முன்னரே அறிந்திருந்தனர். அவை என்ன செய்கின்றன என்பதை அறியச் சோதனை நடத்தியவர்களுள் முன்னோடி பிரெஞ்சு நாட்டு அறிஞர் கிளாட் பெர்னார்டு ஆவார். அவர் 1859ஆம் ஆண்டில், மயக்கத்தில் ஆழ்த்திய விலங்கு ஒன்றின் ஒரு பக்கத்துச் சிறுநீரகத்தை நோக்கிச் செல்லும் நரம்பைத் துண்டித்தார். உடனே அப்பக்கத்துச் சிறுநீர் மிகுதியாகப் பெருகிற்று. துண்டிக்கப்பட்ட நரம்பின் நுனியை மின்சாரத்தால் தூண்டியபோது, சிறுநீர் குறைந்துவிட்டது. நரம்பு சிறுநீரகத்தை அடக்கி ஆள்கின்றது என்பது இதனால் விளங்கிற்று. ஆனால், எவ்வாறு ஆள்கின்றது என்பது விளங்கவில்லை. நரம்பு இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் சிறுநீரகத்திற்குச் செல்லும் இரத்தம் குறைகின்றது. அதனால் வடியும் நீரும் குறைகின்றது என்றே அறிஞர் பலர் நெடுங்காலம் கருதினர்.

நரம்பு தன் செய்தியை உறுப்பிற்கு எவ்வாறு அளிக்கின்றது என்ற வினாவிற்கு 1921ஆம் ஆண்டில் விடை கிடைத்தது. அக்காலத்தில் ஆஸ்திரியா நாட்டுக் கிராட்சு நகரில் பேராசிரியராக விளங்கியவர் ஆட்டோ லோவி. ஓர் இரவு உறக்கத்தில் அவருக்குச் சோதனை ஒன்று தோன்றியது. விழித்தெழுந்து ஒரு தாளில் கிறுக்கி வைத்துவிட்டு மீண்டும் உறங்கினார். காலையில் அக்கிறுக்கலை அவராலேயே படிக்க இயலவில்லை! மறுநாள் இரவும் அதே எண்ணம் தோன்றவே, இம்முறை அவர் காத்திராமல் அந்நேரமே ஆய்வுக்கூடத்திற்கு விரைந்தார். இரு தவளைகளின் இதயங்களை எடுத்து, உப்பு நீரில் துடிக்க வைத்தார். ஓர் இதயத்தின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைத் தணித்தார். பின்னர் அவ்விதயத்தைச் சூழ்ந்திருந்த நீரை எடுத்து, நரம்பு இல்லாத மற்றோர் இதயத்தில் ஊற்றினார். அதன் துடிப்பும் தணிந்தது. துடிப்பை விரைவுபடுத்தும் நரம்பைத் தூண்டியபோது எடுத்த நீர் மற்றோர் இதயத்தையும் விரைவுபடுத்தியது. நரம்பின் நுனியிலிருந்து ஏதோ ஒரு வேதிப் பொருள் கசிந்து, உறுப்பிற்குச் செய்தி உரைக்கின்றது என்பது இதனால் ஐயமற விளங்கிற்று. இதற்காக லோவி, ஆங்கில அறிஞர் ஹென்றி டேலுடன் 1936இல் நோபல் பரிசு பெற்றார்.

இடர் நேரும் காலத்தில் உடலை விழிப்புறச் செய்யும் நரம்புகளைப் பரிவு நரம்புகள் என்பர். சிறுநீரகத்திற்குச் செல்பவை பெரும்பாலும் இவ்வகை நரம்புகளே. இவற்றின் நுனியில் கசியும் செய்திப் பொருள் நார் அட்ரினலின் என்பதை 1946இல் சுவீடன் நாட்டு அறிஞர் உல்ப் வான் ஆய்லர் நிலைநாட்டினார். அவரும் 1970ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

இதற்கிடையில், நரம்பின் பெருமையைக் குறைப்பது போன்ற நிகழ்ச்சி ஒன்று நடந்தது. 1954ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் மரே என்ற அறுவை மருத்துவர், ஒருவருடைய சிறுநீரகத்தை எடுத்து அவருடைய இரட்டைச் சகோதரருக்குப் பொருத்தினார். மாற்றிப் பொருத்தும்போது இரத்தக் குழாய்களை இணைக்கலாம். நரம்புகளை இணைத்தல் இயலாது. எனினும், நரம்பற்ற அச்சிறுநீரகம் செம்மையாகப் பணி செய்தது. நோயாளி மேலும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். அவ்வாறாயின், நரம்பு தேவையற்றதோ என்ற ஐயம் எழுதல் இயல்பே.

அந்த ஐயத்தைத் தீர்த்தவை 1970க்குப் பின் நடந்த ஆய்வுகள். நரம்பின் நுனிகள் இரத்தக் குழாய்களை மட்டுமன்றி, நுண்குழல்களின் சுவர்களையும் நெருங்கி அமைந்திருத்தலை மின்னணு நுண்ணோக்கி காட்டியது. 1975ஆம் ஆண்டில் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கார்ல் காட்ஷாக் என்பவரும் அவருடைய துணைவர்களும் எலிகளில் ஒரு சோதனை நடத்தினர். ஒரு பக்கத்துச் சிறுநீரகத்தின் நரம்புகளை மட்டும் நீக்கினர். அப்பக்கத்துச் சிறுநீர் ஏறக்குறைய இருமடங்காயிற்று. அதில் உப்பும் மிகுந்தது. ஆனால், அச்சிறுநீரகத்திற்குச் சென்ற இரத்தத்தின் அளவோ, முடிச்சுகளில் வடிந்த நீரின் அளவோ மாறவில்லை. நுண்குழலின் முற்பகுதி நீரை உறிஞ்சுவதே குறைந்திருந்தது. அடுத்த ஆண்டு அவர்கள் நரம்பை மெல்லத் தூண்டிப் பார்த்தபோது, இதற்கு நேர்மாறாக உறிஞ்சுதல் மிகுந்தது. நரம்பு இரத்தக் குழாய்களோடு மட்டுமன்றி நுண்குழலோடும் நேரே பேசுகின்றது என்பது இவ்வாறு உறுதியாயிற்று.

அப்பேச்சின் பொருளை இனிக் காண்போம். ஊறுகாய்க்காக மாங்காயை நறுக்கி உப்பிட்டு வைத்தால், சிறிது நேரத்தில் பாத்திரத்தில் நீர் ஊறி நிற்கின்றது. காயினுள் இருந்த நீர், உப்பு மிகுந்துள்ள இடத்தை நோக்கி வெளியே வந்துவிடுகின்றது. உப்புச் செல்லும் வழியே நீரும் செல்லும் என்பது இயற்கையின் நியதி. சிறுநீரகமும் இந்நியதியையே பயன்படுத்திக் கொள்கின்றது. நுண்குழலின் உயிரணுக்களில் சோடியத்தை இறைக்கும் நுண்ணிய இறைப்பிகள் உள்ளன. இவை உப்பின் கூறாகிய சோடியத்தை இரத்தத்தின் பக்கமாக இறைக்கின்றன. நீர் தானே அதனைத் தொடர்ந்து செல்கின்றது. இத்தகைய இறைப்பி ஒன்று உயிரணுக்களில் இருத்தலை 1957இல் டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஜென்ஸ் ஸ்கோ கண்டறிந்தார். நரம்பு நுனியில் கசியும் நார் அட்ரினலின், உயிரணுவின் மேலுள்ள ஏற்பியில், பூட்டில் திறவுகோல் பொருந்துவது போல் பொருந்துகின்றது. உடனே இறைப்பிகளின் வேலை விரைவடைகின்றது. சோடியம் மிகுதியாக மீட்கப்படுகின்றது. நீரும் உடன் மீட்கப்படுகின்றது.

இடரின் அளவிற்கேற்ப இத்தூதும் படிப்படியாக வலுப்பெறுகின்றது. ஒருவர் சாலை விபத்தில் அடிபட்டு இரத்தம் இழக்கின்றார் என்று கொள்வோம். கழுத்திலும் மார்பிலும் உள்ள பெரிய இரத்தக் குழாய்களின் சுவரில் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உண்டு. அழுத்தம் தாழ்வதை அவை மூளைக்கு அறிவிக்கின்றன. மூளை பரிவு நரம்புகளை ஏவுகின்றது. நரம்பின் துடிப்பு மெல்லியதாக இருக்கும்போது, சிறுநீரகத்தின் சில உயிரணுக்கள் ரெனின் என்னும் நொதியை இரத்தத்தில் விடுகின்றன. இந்நொதியை 1898இலேயே சுவீடனில் ராபர்ட் டைகர்ஸ்டெட் என்பவரும் பெர் பெர்க்மன் என்பவரும் கண்டறிந்திருந்தனர். இதன் விளைவாக உண்டாகும் பொருள்கள் உப்பைச் சேமிக்கத் தூண்டுகின்றன, தாகத்தையும் எழுப்புகின்றன. துடிப்புச் சற்று வலுத்தால், நுண்குழல்கள் நேரே தூண்டப்பட்டு உப்பையும் நீரையும் மிகுதியாக உறிஞ்சுகின்றன. துடிப்பு மேலும் வலுத்தால்தான் இரத்தக் குழாய்கள் சுருங்கி, சிறுநீரகத்திற்குச் செல்லும் இரத்தமே குறைகின்றது. அவ்விரத்தம் மூளைக்கும் இதயத்திற்கும் உதவுகின்றது. மருத்துவமனையில் இத்தகைய நோயாளியின் சிறுநீரை மணிக்கு மணி அளந்து செவிலியர் குறித்து வைப்பதன் காரணம் இப்போது விளங்கும். சிறுநீர் குறைதல், உடல் இடரில் உள்ளது என்பதன் அறிகுறியாகும். மூன்றாம் படி நெடுநேரம் நீடித்தால் சிறுநீரகமே பழுதுறும்.

மேலே எழுந்த ஐயத்திற்கு விடை இதுவே. அன்றாட வேலையைச் சிறுநீரகம் நரம்பின்றியும் செய்ய வல்லது. இரத்தத்தின் வழியே வரும் பிற செய்திகள் அதற்குத் துணை நிற்கும். ஆனால், தட்டுப்பாடு நேரும்போது நரம்பின் உதவி வேண்டப்படுகின்றது. இத்தகைய நரம்புகள் பழுதுற்ற நோயாளிகள் சிலர், உப்புக் குறைந்த உணவை உண்ணும்போது மற்றவர்களைப் போல் உப்பைச் சேமிக்க இயலாமல் சிறுநீரில் இழந்துவிடுகின்றனர்.

நரம்பணுக்கள் அனுப்பும் மற்றொரு தூது உண்டு. அது நரம்பின் வழியே சிறுநீரகத்தை அடையாமல், இரத்தத்தின் வழியே அடைகின்றது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதாலமஸ் என்னும் இடத்து நரம்பணுக்கள் வாசோபிரசின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. அப்பொருள் பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியில் தங்கி, வேண்டும்போது இரத்தத்தில் கலக்கின்றது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து அறிஞர் வெர்னி நாய்களைக் கொண்டு நடத்திய ஆய்வுகளை 1947இல் வெளியிட்டார். மூளைக்குச் செல்லும் இரத்தத்தில் உப்பின் செறிவு சிறிது மிகுந்தாலும் சிறுநீர் குறைந்துவிடுகின்றது என்பதை அவர் காட்டினார். வெயிலில் வியர்க்கும்போது நிகழ்வதும் இதுவே. நீர் குறைந்து இரத்தத்தில் உப்புச் செறிகின்றது. மூளை வாசோபிரசினை அனுப்புகின்றது. நுண்குழலின் கடைப்பகுதியில் நீர் செல்லும் நுண்ணிய வாயில்கள் திறக்கின்றன. நீர் உள்ளே செல்கின்றது. எஞ்சும் சிறுநீர் மஞ்சளாகச் செறிவடைகின்றது. உயிரணுக்களில் உள்ள இத்தகைய நீர் வாயில்களைக் கண்டறிந்தமைக்காகப் பீட்டர் ஆக்ரே என்ற அமெரிக்க அறிஞர் 2003இல் நோபல் பரிசு பெற்றார். வாசோபிரசின் சுரக்காத நோயாளிகள் சிலர் நாளொன்றுக்குப் பத்து லிட்டருக்கும் மேற்பட்ட சிறுநீரைக் கழித்து, ஓயாத தாகத்தால் வருந்துகின்றனர்.

சேமிக்கச் சொல்லும் தூது மட்டும் இருந்தால் போதுமா? மழைக்காலத்தில் மதகைத் திறக்காவிடில் ஏரிக்கரை உடைந்துவிடும். ஆகவே, வெளியேற்றச் சொல்லும் தூதும் வேண்டும். அவ்வகையில் ஒன்று டோபமின். மூளையில் இது நரம்புச் செய்திப் பொருளாக இருந்து, உடலசைவைச் சீராக்குகின்றது. இதனைச் சுரக்கும் அணுக்கள் அழிவதே நடுக்குவாத நோய்க்குக் காரணம். வியப்பென்னவெனில், நுண்குழலின் உயிரணுக்கள் இதே பொருளைத் தாமே உண்டாக்கிக் கொள்கின்றன. நாம் உப்பை மிகுதியாக உண்டால், சிறுநீரகத்தில் டோபமினும் மிகுதியாக உண்டாகின்றது. இது சோடிய இறைப்பிகளின் வேகத்தைத் தணிக்கின்றது. அதனால் மிகுந்த உப்பும், அதனுடன் நீரும் சிறுநீரில் வெளியேறுகின்றன. நார் அட்ரினலின் கூட்டும் வேலையை டோபமின் குறைக்கின்றது. ஒன்றையொன்று எதிர்க்கும் இவ்விரண்டின் நடுவேதான் உடலின் நீர்ச்சமநிலை நிற்கின்றது.

டோபமின் சிறுநீரைப் பெருக்குவதைக் கண்ட மருத்துவர்கள், பழுதுறும் சிறுநீரகத்தைக் காக்கவும் அது உதவும் என்று நம்பிப் பல ஆண்டுகள் சிறிய அளவில் கொடுத்து வந்தனர். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 328 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. டோபமின் பெற்றவர்களின் சிறுநீரகம், பெறாதவர்களின் சிறுநீரகத்தினும் மேலாகக் காக்கப்படவில்லை. ஒரு கருத்து அறிவிற்குப் பொருத்தமாகத் தோன்றினும், அதனைச் சோதித்துப் பார்த்தே ஏற்றல் வேண்டும் என்பதற்கு இது நல்லதொரு சான்றாகும்.

தூது பிழைபட்டால் துன்பம் விளையும். இதயம் வலுவிழந்தவரிடம் இரத்தம் போதிய அளவு வெளியேறுவதில்லை. இரத்தம் இழந்தவரிடத்தும் இதே குறையைத்தான் உடல் உணர்கின்றது. ஆதலால் உடல் இரண்டையும் வேறு பிரித்தறியாது, நரம்புகளை ஏவி உப்பையும் நீரையும் சேமிக்கச் செய்கின்றது. உண்மையில் அங்கு நீருக்குக் குறைவில்லை. சேர்ந்த நீர் காலில் வீக்கமாகவும், நுரையீரலில் மூச்சுத் திணறலாகவும் வெளிப்படுகின்றது. முன்னாளில் உயிர் காத்த அதே செயல் இப்போது உயிருக்கு ஊறு செய்கின்றது. நரம்புச் செய்தி ஏற்பிகளில் பொருந்தாதவாறு தடுக்கும் மருந்துகள் இன்று இந்நோயாளிகளுக்குப் பயன்படுகின்றன. இத்தகைய மருந்துகளுக்கு வழி வகுத்த ஜேம்ஸ் பிளாக் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் 1988இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

மிகை இரத்த அழுத்தம் உடையவர் பலரிடம் சிறுநீரக நரம்புகள் அளவுக்கு மீறித் துடிக்கின்றன. இரத்தக் குழாயினுள் மெல்லிய குழல் ஒன்றைச் செலுத்தி, அந்நரம்புகளை வெப்பத்தாலோ ஒலி அலைகளாலோ செயலிழக்கச் செய்யும் முறை இந்நூற்றாண்டில் தோன்றிற்று. 2014இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், 535 நோயாளிகளிடம் அது எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. ஆய்வாளர் மனந்தளராமல் கருவிகளையும் முறைகளையும் திருத்தி மீண்டும் ஆராய்ந்தனர். 2023 நவம்பரில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உணவு மருந்து நிருவாகம் இம்முறைக்குரிய இரு கருவிகளுக்கு ஒப்புதல் அளித்தது. இம்முறையால் குறையும் அழுத்தம் பெரிதன்று. ஆயினும், மருந்தால் மட்டும் அடங்காத சிலருக்கு இது துணையாகின்றது. பெர்னார்டு 1859இல் துண்டித்த நரம்பின் செய்தி, நூற்றறுபது ஆண்டுகளுக்குப் பின் நோயாளியின் படுக்கையருகே வந்து சேர்ந்திருக்கின்றது.

இதுகாறும் கூறியவற்றால் நாம் அறிந்து ஒழுக வேண்டியவையும் சில உள்ளன. எத்தனை தூது வந்தாலும் சிறுநீரகம் உள்ள நீரைச் சேமிக்குமேயன்றி, இல்லாத நீரை உண்டாக்காது. மிகச் சிக்கனமாக இருந்தாலும், கழிவுகளை அகற்ற நாளொன்றுக்கு அரை லிட்டர் அளவேனும் சிறுநீராக அது வெளியேற்றியே தீரும். ஆகவே, வெயிலில் உழைப்போரும் விளையாடுவோரும் தாகம் எடுக்கும்போது நீர் பருகுதலை ஒத்திப்போடுதல் ஆகாது. சிறுநீர் அடர்ந்த மஞ்சள் நிறமாக இருப்பின், உடலில் நீர் குறைகின்றது என்று உணர்ந்து பருகுதல் வேண்டும். உப்பையும் அளவறிந்து உண்ணுதல் வேண்டும். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உண்பதே நன்று என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. நாம் உறங்கும்போதும் சிறுநீரகத்திற்குத் தூதுகள் ஓய்வின்றிச் சென்றுகொண்டே இருக்கின்றன. நீரையும் உப்பையும் அளவோடு கொள்வது, அத்தூதுகளின் பணியை எளிதாக்க நம்மால் இயன்ற உதவியாகும்.